மச்சக் கணக்கில் வேரியன்ஸ் பத்து மடங்கு எகிறுது, 66-ஐத் தூக்கிடலாமா?

பொற்கொடி:

வணக்கம். எம்.எஸ்ஸி பயோஸ்டாட் முதல் வருடம் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பிரித்து மேய்வோம். இந்த வாரம் வந்தது கனடாவின் வான்கூவரில் நடந்த சன்ஸ்கிரீன் ஆய்வு. 1993-ல் ஒன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு வெள்ளையினப் பிள்ளைகள் 458 பேரைச் சேர்த்துக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதியின் பெற்றோருக்கு எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீனைக் கொடுத்து, பிள்ளை அரை மணி நேரமோ அதற்கு மேலோ வெயிலில் நிற்கும் என்றால் தடவச் சொன்னார்கள். மறுபாதிக்குக் களிம்பும் இல்லை, அறிவுரையும் இல்லை. மூன்று வருடம் கழித்து உடம்பில் புதிதாக எத்தனை மச்சம் வந்திருக்கிறது என்று எண்ணினார்கள். கணக்கில் நின்ற 309 பேரில் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) சன்ஸ்கிரீன் பிள்ளைகளுக்கு 24, மற்றவர்களுக்கு 28. பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.048.

இதை வைத்து எங்கள் சார் ஒரு பயிற்சிக் கணக்கு கொடுத்தார். எண்கள் அவரே போட்டவை, நிஜப் பிள்ளைகள் இல்லை. குழுவுக்குப் பத்துப் பேர், புது மச்சங்களின் எண்ணிக்கை:

சன்ஸ்கிரீன் குழு: 12, 15, 18, 20, 21, 23, 24, 27, 30, 30
மற்ற குழு: 6, 9, 14, 17, 22, 30, 33, 41, 52, 66

சராசரி 22, 29. வேரியன்ஸ் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) முதல் குழுவில் 36.4, இரண்டாவதில் 378.4. இரண்டு வேரியன்ஸும் சமமா என்று பார்க்கும் எஃப் டெஸ்ட் போட்டால் விகிதம் 10.4. அட்டவணையில் 9, 9 பாகைக்கு (குழுவின் ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தது) இருபக்க 5 சதவீத எல்லை 4.03. அப்படியென்றால் வேரியன்ஸ் சமமில்லை, சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டின் நிபந்தனை உடைந்துவிட்டது. இங்கேதான் நிற்கிறேன். அறைத்தோழி 66-ஐ எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறாள். இன்னொருத்தி மான்-விட்னி (எண்களுக்குப் பதில் அவற்றின் தரவரிசையை ஒப்பிடும் டெஸ்ட்) போட்டு முடி என்கிறாள். சார் 'வேரியன்ஸ் எதற்காக டெஸ்ட் செய்தாய், அதை முதலில் எழுது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது எனக்கு ஏதோ பொடி வைத்துப் பேசினாற்போல இருக்கிறது.

கூடவே ஒரு அடிப்படைச் சந்தேகம். மச்சம் பிறவியிலேயே வருவது என்றுதான் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டி இடம் பார்த்துப் பலன்கூடச் சொல்லுவார். வெயிலுக்கும் மச்சத்துக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா?

தோல்_ஓபி:

தோல் மருத்துவர் நான். புள்ளியியலுக்கு வேறு ஆள் வருவார், மச்சத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

பிறக்கும்போதே மச்சத்தோடு வரும் குழந்தைகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். மற்றதெல்லாம் பிள்ளைப் பருவத்தில் முளைக்க ஆரம்பித்து முப்பது வயது வாக்கில் உச்சத்துக்குப் போய், வயதானபின் ஒவ்வொன்றாக மங்கி மறைபவை. தோலின் மேலடுக்குக்கு அடிவரிசையில் மெலனோசைட் என்று ஒரு செல் இருக்கிறது, நிறமி செய்வது அதன் வேலை. அப்படி ஒரு செல் தன் கட்டுப்பாட்டை இழந்து பெருகி, கொஞ்ச தூரம் போய்த் தானே நின்றுவிட்டால் அந்தக் கூட்டம்தான் மச்சம். பெரும்பாலான மச்சங்களில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும். பெருகச் சொல்வதும் அந்த மாற்றம்தான். அளவு மீறினால் செல்லே ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறது, அதனால்தான் நம்மில் யாருக்கும் மச்சம் தேங்காய் அளவுக்கு வளர்வதில்லை.

இனி வெயில். தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் கிட்டத்தட்ட 95 சதவீதம் 'ஏ' வகை. அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர் வரை, தோலுக்குள் ஆழமாக இறங்கும். 280 முதல் 315 வரை உள்ள 'பி' வகையைப் பெருமளவு ஓசோன் வடிகட்டிவிடுகிறது. தப்பி வரும் கொஞ்சமும் மேலடுக்கிலேயே நின்று டி.என்.ஏ-வை நேரடியாக அடிக்கும். 'பி' கதிர் விட்டுச்செல்லும் தடயம் எப்படி இருக்கும் என்று தெரியும்: டி.என்.ஏ-வில் சி என்ற எழுத்து இருந்த இடத்தில் டி. ஆனால் மச்சத்தில் நாம் பார்க்கும் பி-ராஃப் மாற்றம் அந்த ரகம் இல்லை. ஆகவே 'கதிர் பட்டது, எழுத்து மாறியது, மச்சம் வந்தது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. சம்பந்தம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பிய வம்சாவளிப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று நகரங்களில் எண்ணிப் பார்த்தார்கள். தெற்கே மெல்பர்னில் மச்சம் குறைவு, சிட்னியில் அதைவிட அதிகம், வெப்பமண்டலத்து டவுன்ஸ்வில்லில் இன்னும் அதிகம். ஒரே மாதிரித் தோல், வெயில்தான் வேறு.

எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், வெள்ளைத் தோலில் மெலனோமா (மெலனோசைட்டில் தொடங்கும் தோல் புற்றுநோய்) வரும் வாய்ப்பைச் சொல்லும் அடையாளங்களில் இது ரொம்பவும் நம்பத்தக்கது. நூறுக்கு மேல் மச்சம் உள்ளவருக்கு, பதினைந்துக்குக் கீழ் உள்ளவரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு.

உங்கள் 66 பற்றி. முகமெல்லாம் தூவினாற்போலச் செம்பழுப்புப் புள்ளிகள் (ஃப்ரெக்கிள்ஸ் என்பார்களே) உள்ள பிள்ளைக்கு அத்தனை வந்தால் எனக்கு ஆச்சரியம் வராது. ஆனால் எண்ணியது யார் என்று கேட்பேன். ஃப்ரெக்கிளையும் சின்ன மச்சத்தையும் பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால்தான் பல ஆய்வுகளில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதை எண்ணுவதே இல்லை. இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை. அதுவும் உங்கள் வேரியன்ஸுக்குள்தான் போய் உட்காரும்.

வயல்_கணக்கன்:

அம்மணி, உங்க சார் பொடி வைக்கலைங்க, சாவியைக் கையில் கொடுத்துட்டுப் போயிருக்கார்.

நான் வேளாண் ஆராய்ச்சியில் புள்ளியியல் பார்த்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் முழுக்க நெல்லும் பருத்தியும்தான், மச்சம் எண்ணியதில்லை. ஆனால் மகசூல் மூட்டையாக இருந்தாலும் மச்சமாக இருந்தாலும் வேரியன்ஸ் செய்யும் குறும்பு ஒன்றேதான்.

66-ஐத் தொடாதீங்க. அதைத் தூக்கினால் சரியாகும் என்று சொன்ன தோழி கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மீதி ஒன்பது பேரின் வேரியன்ஸ் 235.6. விகிதம் 6.5. எல்லை 4.10. அப்பவும் சமமில்லை. ஒரு பிள்ளையைக் காவு கொடுத்தும் காரியம் நடக்கலை பாருங்க. எண்ணியதில் பிழை என்று கையெழுத்தோடு குறிப்பு இருந்தால் நீக்கலாம். பெரிசாக இருக்கிறது என்பதற்காக நீக்கினால் அதுக்குப் பேர் வேறே.

அடுத்து, எஃப் டெஸ்ட். இரண்டு வேரியன்ஸை ஒப்பிடும் அந்தப் பழைய எஃப் டெஸ்டும், அதையே பல குழுக்களுக்கு விரித்த பார்ட்லெட் டெஸ்டும் (1937) மணி வடிவப் பரவலை அப்படியே நம்பி நிற்பவை. எண்கள் ஒருபக்கம் வால் நீண்டு கிடந்தால், வேரியன்ஸ் சமமாகவே இருந்தாலும் 'சமமில்லை' என்று கூவும். மச்ச எண்ணிக்கைக்கு எப்பவும் வலதுபக்கம் வால் உண்டு. 1953-ல் புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் இதைக் காட்டிவிட்டு, சராசரிகளை ஒப்பிடும் முன்னால் வேரியன்ஸை இப்படி டெஸ்ட் பண்ணுவது, பெரிய கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கத் துடுப்புப் படகில் போவது மாதிரி என்று எழுதினார். கப்பல் தாங்கும் அலையில் படகுதான் முதலில் கவிழும். டி-டெஸ்ட் கப்பல், எஃப் டெஸ்ட் படகு.

வேரியன்ஸைத்தான் டெஸ்ட் செய்யணும் என்றால் லெவீன் வழி (1960) இருக்கு. அதைப் பிரவுனும் ஃபோர்சைத்தும் 1974-ல் திருத்தினாங்க. ஒவ்வொரு எண்ணும் தன் குழுவின் இடைநிலை அளவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்குதோ, குறியை விட்டுட்டு அந்தத் தூரத்தை எழுதுங்க. பிறகு அந்தத் தூரங்களின் சராசரியை ஒப்பிடுங்க, அவ்வளவுதான். உங்க எண்களில் இடைநிலை 22, 26. சராசரித் தூரம் 4.8, 15.4. எஃப் 8.28, தேவை 4.41. பி-மதிப்பு 0.01 வாக்கில் வரும். ஆக, படகை மாற்றினாலும் அலை நிஜம்தான். இரண்டாவது குழு மெய்யாகவே விரிந்து கிடக்கு.

விரிந்து கிடந்தால் டி-டெஸ்ட் செத்துப் போச்சா? இல்லை. இரண்டு பக்கமும் பத்துப் பத்து என்பதைக் கவனிங்க. எண்ணிக்கை சமமாக இருந்தால் சாதா டி-யும் வெல்ச் டி-யும் (வேரியன்ஸ் சமம் என்று நம்பாத டி-டெஸ்ட்) ஒரே மதிப்பைத்தான் கொடுக்கும். உங்களுக்குச் சராசரிகளின் வித்தியாசம் 7-ஐ அதன் திட்டப்பிழை 6.44-ஆல் வகுத்து 1.09. மாறுவது பாகை மட்டும், 18 என்பது 10.7 ஆகக் குறையும். வேண்டிய எல்லை 2.10-லிருந்து 2.21-க்கு ஏறும். 1.09-க்கு இரண்டுமே எட்டாத உயரம். ஆபத்து எங்கே என்றால், குழுக்கள் சமமில்லாமல், சின்னக் குழுவில் வேரியன்ஸ் பெரிசாக இருக்கும்போது. அங்கே சாதா டி-டெஸ்ட் இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்லும். அதனால எடுத்த எடுப்பில் வெல்ச் போட்டுப் பழகுங்க, முன்கூட்டி வேரியன்ஸ் டெஸ்ட் எதுவும் வேண்டாம். ஆர் மென்பொருளில் டி-டெஸ்ட் என்று கேட்டால் அது தானாகக் கொடுப்பதும் வெல்ச்தான்.

மான்-விட்னி சொன்ன தோழிக்கும் ஒரு வார்த்தை. விரிவு இரண்டு குழுவிலும் வேறு வேறு என்றால் அதுவும் நீங்கள் நினைக்கும் கேள்விக்கு விடை சொல்லாது. இடைநிலை அளவு வேறா என்று கேட்டால், பரவலின் வடிவத்தையும் சேர்த்துக் கலக்கி ஒரு விடை தரும்.

இவ்வளவும் சொன்னது சுற்றுவேலி. உங்க சார் கேட்டது உள்ளே இருக்கு. எண்ணிக்கை சமாச்சாரத்தில், எல்லாப் பிள்ளைக்கும் மச்சம் வரும் வேகம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் அது பாய்சான் பரவல். அதில் வேரியன்ஸ் சராசரியின் அளவே இருக்கணும். முதல் குழுவில் விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 328, சராசரி 22-ஆல் வகுத்தால் 14.9. ஒன்பது பாகைக்கு கை-வர்க்க எல்லை 16.9. சரி, தாங்குது. இரண்டாவதில் 3406-ஐ 29-ஆல் வகுங்க: 117. தாங்கவே தாங்காது. அந்தப் பத்துப் பேர் ஒரே ரகப் பிள்ளைங்க இல்லை. இரண்டு ரக விதையைக் கலந்து தூவிட்டு ஒரே பாத்தின்னு எழுதி வைத்தால் மகசூல் கணக்கு இப்படித்தான் வரும், நான் நிறையப் பார்த்திருக்கேன்.

உங்க சார் கொடுத்த தாளில் வேற ஏதாவது கட்டம் இருந்துதா? பாருங்க.

பொற்கொடி:

ஐயா, இருக்கிறது! கடைசியில் 'ஃப்ரெக்கிள்ஸ்: உண்டு / இல்லை' என்று ஒரு நெடுவரிசை. கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் நானும் கண்டுகொள்ளவில்லை.

சன்ஸ்கிரீன் குழுவில் உண்டு: 20, 23, 24, 27, 30. இல்லை: 12, 15, 18, 21, 30.
மற்ற குழுவில் உண்டு: 30, 33, 41, 52, 66. இல்லை: 6, 9, 14, 17, 22.

வயல்_கணக்கன்:

கண்ணு, இனி கணக்கு தானே நடக்கும்.

சன்ஸ்கிரீன் இல்லாத குழுவை இரண்டாகப் பிரிங்க. ஃப்ரெக்கிள்ஸ் உள்ளவர் சராசரி 44.4, இல்லாதவர் 13.6. மொத்த விலக்க வர்க்கம் 3406 என்றோமே, அதில் 2372 இந்த இரண்டு சராசரிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. நூற்றுக்கு எழுபது. நீங்க 'நிபந்தனை உடைஞ்சுது' என்று தூக்கிப் போட இருந்த வேரியன்ஸில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய, ஒரே ஒரு நெடுவரிசைக்குள் இருந்திருக்கு.

சன்ஸ்கிரீன் குழுவில் அதே பிரிவு 24.8, 19.2. இடைவெளி சுருங்கிப் போச்சு. ஆக, ஃப்ரெக்கிள்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு 44.4 இருந்த இடத்தில் 24.8. வெல்ச் டி 2.87, பாகை சுமார் 4.5, தேவை 2.65-ஐ ஒட்டி. தாண்டுது, பெரிய தாண்டல் இல்லை. ஃப்ரெக்கிள்ஸ் இல்லாத பிள்ளைகளில் 13.6-க்கு 19.2, டி 1.33, எட்டுப் பாகைக்குத் தேவை 2.31. ஒன்றும் சொல்ல முடியாது. எண் எதிர்த்திசையில் இருக்கேன்னு பயப்படாதீங்க, ஐந்தைந்து பேரில் அப்படி ஆடத்தான் செய்யும்.

இப்ப வான்கூவர் கட்டுரைக்குத் திரும்பிப் போங்க. 24-க்கு 28 என்ற வரியோடு நிறுத்தியிருக்கீங்க. அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம். சன்ஸ்கிரீனின் பலன் ஃப்ரெக்கிள்ஸ் உள்ள பிள்ளைகளிடம் ரொம்பக் கூடுதல் என்று அங்கே வந்தது. கணக்கு மாதிரியின்படி அந்தப் பிள்ளைகளுக்குப் புது மச்சம் 30 முதல் 40 சதவீதம் குறையும் என்று எழுதியிருக்காங்க. உங்க சார் அதைத்தான் சின்னதாக்கி, எண்ணைக் கொஞ்சம் ஊதிப் பெரிசாக்கி, தாளில் ஒளித்து வைத்திருக்கார். நல்ல வாத்தியார்.

சிகிச்சை கொடுத்த குழுவில் விரிவு மாறினால், சிகிச்சை எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்யலை என்று அர்த்தம் கொள்ள இடம் இருக்கு. எல்லாருக்கும் நாலு மச்சம் குறைந்தால் சராசரி நகரும், விரிவு அப்படியே இருக்கும். மேலே நிற்பவர்களை மட்டும் கீழே இழுத்தால்தான் விரிவு சுருங்கும். அதனால் சமமில்லாத வேரியன்ஸைத் தடையாகப் பார்க்காதீங்க. பல நேரம் அதுதான் சோதனையின் முடிவே.

இன்னொன்று. விரிவைக் கணக்கில் சமாளிப்பதைவிடச் சோதனை போடும்போதே கட்டிப் போடுவது உசத்தி. வயலில் வாய்க்கால் ஓரம் ஈரம் அதிகம், மேட்டுப் பக்கம் குறைவு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியலாளர் ஃபிஷர் கற்றுக்கொடுத்தது, ஈரம் ஒத்த நிலத்தை ஒரு தொகுதியாக்கி, அதற்குள்ளேயே எல்லா ரகத்தையும் குலுக்கிப் போடுன்னு. தோலில் அதற்கு ஈடாக என்ன பண்ணுவாங்கன்னு டாக்டரம்மாவைத்தான் கேட்கணும்.

தோல்_ஓபி:

பண்ணியிருக்கிறார்கள் ஐயா, உங்கள் வயலைவிடச் சின்ன வயலில். 1990களில் ஐரோப்பாவில் ஒரு சோதனை. ஒரே மச்சத்தின் ஒரு பாதியை மூடிவிட்டு மறுபாதியில் மட்டும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். சில நாள் கழித்து முழு மச்சத்தையும் வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கதிர் பட்ட பாதியில் மெலனோசைட்டுகள் தங்கள் அடிவரிசையை விட்டு மேலே ஏறியிருந்தன. தெரியாமல் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் மெலனோமாவின் தொடக்கமோ என்று சந்தேகப்படக்கூடிய தோற்றம். ஆள் ஒன்று, மச்சம் ஒன்று, வயது ஒன்று. நடுவில் ஒரு கோடு மட்டும்.

கதிரின் அளவையும் எல்லாருக்கும் ஒரே ஜூல் என்று கொடுப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் முதுகிலோ பிட்டத்திலோ சிறு சதுரங்களில் கூட்டிக் கூட்டிக் கொடுத்து, மறுநாள் எந்தச் சதுரம் லேசாகச் சிவந்திருக்கிறது என்று பார்ப்போம். அதுதான் அந்த ஆளின் அலகு. பிறகு அவருக்கு 'இரண்டு மடங்கு' என்றால் அவருடைய அலகில் இரண்டு மடங்கு. ஆளுக்கு ஆள் உள்ள விரிவில் ஒரு பங்கு அங்கேயே அடங்கிவிடும். எங்கள் ஓபி-யில் சொரியாசிஸ், வெண்புள்ளிக்கு 311 நானோமீட்டர் விளக்கில் சிகிச்சை கொடுக்கும்போதும் கதிரின் அளவு ஆளைப் பார்த்துத்தான்.

சும்மா_வந்தவன்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். தாளில் இருந்த நெடுவரிசையைப் பார்த்துவிட்டுப் பிரித்தால் எதிலும் ஏதாவது கிடைக்குமே? ஃப்ரெக்கிள்ஸில் கிடைக்காவிட்டால் முடி நிறம், அதுவும் இல்லையென்றால் பிறந்த மாதம். பெரியவர் வலை வீசுகிறார் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் நடந்த பெரிய ஆய்வில் 1621 பேர். ஒரு பாதி தினமும் சன்ஸ்கிரீன், மறுபாதி தன் இஷ்டம். 1992-ல் ஆரம்பித்து 1996-ல் சன்ஸ்கிரீன் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் மெலனோமா 11-க்கு 22. சரிபாதி! ஆனால் பி-மதிப்பு 0.051. வான்கூவரில் நாலு மச்சம் குறைந்ததற்கு 0.048. அப்படியானால் சன்ஸ்கிரீன் மச்சத்தைக் குறைப்பது நிரூபணம், புற்றுநோயைக் குறைப்பது நிரூபணம் இல்லை என்று எழுதலாமா? இந்த 0.05 வியாபாரமே எனக்குப் பிடிக்கவில்லை.

வயல்_கணக்கன்:

தம்பி, முதல் கேள்வி நியாயம். பிறந்த மாதத்தை வைத்துப் பிரித்திருந்தால் நானே திட்டியிருப்பேன். ஃப்ரெக்கிள்ஸ் அப்படி இல்லை. எந்தத் தோல் வெயிலில் எளிதில் கருகும் என்பதற்கு அது சோதனைக்கு முன்னாலேயே தெரிந்த அடையாளம், சிகிச்சை அதை உண்டாக்கியிருக்க முடியாது. பிரிக்கலாம். ஆனால் பிரித்துப் பார்க்கப் போகிறோம் என்று சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தால் பலம், பின்னால் பார்த்திருந்தால் பலவீனம். பொற்கொடி தன் விடைத்தாளில் 'பின்னால் பார்த்தது' என்று எழுதணும், தனித்தனியா இரண்டு டி-டெஸ்ட் போட்டு ஒன்று தாண்டிச்சு ஒன்று தாண்டலைன்னு முடிக்கவும் கூடாது. சன்ஸ்கிரீனையும் ஃப்ரெக்கிள்ஸையும் ஒரே கணக்கு மாதிரிக்குள் வைத்து, இரண்டின் கூட்டு விளைவு இருக்கான்னு (சன்ஸ்கிரீனின் பலன் ஃப்ரெக்கிள்ஸைப் பொறுத்து மாறுதான்னு) ஒரே கேள்வியாகக் கேட்கணும்.

நம்பூர் பற்றி: 0.048-க்கும் 0.051-க்கும் நடுவில் கோடு கிழிப்பவரோடு எனக்கும் பேச்சில்லை. ஆனால் பி-மதிப்பை விட்டுட்டு இடைவெளியைப் பாருங்க. நம்பூரில் விகிதம் 0.50, நம்பக இடைவெளி (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) 0.24 முதல் 1.02 வரை. மெலனோமா நாலில் ஒன்றாகக் குறைந்திருக்கலாம், ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கலாம் என்கிறது. ஏன் இத்தனை அகலம்? 1621 பேர் என்று பெரிசாகச் சொன்னாலும் கணக்கில் பேசுபவை 33 நிகழ்வுகள்தான். வான்கூவரில் ஆள் குறைவு, ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் இருபது முப்பது மச்சம் கொடுக்குது. அதனால்தான் புற்றுநோய்க்குப் பதிலாக மச்சத்தை எண்ணப் போனாங்க. அரிதானதற்குப் பல வருஷம் காத்திருக்க முடியாதவன் அடிக்கடி வருவதை எண்ணுகிறான். சன்ஸ்கிரீனால் மெலனோமாவும் குறையுமா என்பது தனிக் கேள்வி, அதை மச்சக் கணக்கு சொல்லாது. நம்பூர் சொல்லும், அகலமாகத்தான் சொல்லும்.

பொற்கொடி:

ஐயா, நன்றி. கடைசியாக ஒன்று. ஃப்ரெக்கிள்ஸைச் சேர்த்த பிறகு மீதி வேரியன்ஸ் பாய்சானுக்கு அடங்கிவிடும் என்று எழுதலாமா? விலக்க வர்க்கத்தைச் சராசரியால் வகுத்துப் போட்டுப் பார்த்தேன்: சன்ஸ்கிரீன் இல்லாத குழுவில் ஃப்ரெக்கிள்ஸ் உள்ளவர்களுக்கு 19.7, இல்லாதவர்களுக்கு 11.9. நான்கு பாகைக்கு எல்லை 9.49.

டாக்டர் மேடத்துக்கும் ஒரு கேள்வி: இதெல்லாம் வெள்ளைத் தோல் பிள்ளைகள். நம் ஆட்களுக்கு இதில் எது பொருந்தும்?

தோல்_ஓபி:

மச்ச எண்ணிக்கை பற்றிய இந்த அளவுகளை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் தோலில் மெலனின் அதிகம், மச்சம் குறைவு, மெலனோமாவும் அரிது. வரும்போது பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. அங்கே வெயிலைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காலில் கறுப்பாக ஒன்று வந்து, முள் குத்தியது, செருப்பு கடித்தது என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா, ஓரம் தெளிவாக இருக்கிறதா, ஒரே நிறமா, 6 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதா, எல்லாவற்றையும்விட மாறிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனாலும் வந்து காட்டுங்கள். பாட்டியின் பலனை அவரிடமே விட்டுவிடலாம், ஆனால் அவர் உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள்.

வயல்_கணக்கன்:

பொற்கொடி, அடங்கலைன்னே எழுதுங்க. உங்க கணக்கு சரி. ஃப்ரெக்கிள்ஸ் பெரிய பங்கை எடுத்துக்கிச்சு, ஆனால் மீதியும் பாய்சானைவிட விரிவுதான். முடி நிறம், எத்தனை நாள் கடற்கரையில் கிடந்தாங்க, யார் எண்ணினாங்க, எல்லாம் இன்னும் உள்ளே இருக்கு. அதற்கு எதிர்மறை ஈருறுப்புப் பரவலை எடுத்துக்குங்க, கூடுதல் விரிவுக்கென்றே ஒரு அளபுரு அதில் உண்டு. ஆர்-ல் மாஸ் தொகுப்பில் ஜி.எல்.எம்.என்.பி. என்று கிடைக்கும். இருபது பேரை வைத்துக்கொண்டு அந்த அளபுரு ரொம்பவும் ஆடும், அதையும் ஒரு வரி எழுதிடுங்க. எஃப் 10.4-ஐ விடைத்தாளில் வையுங்க, அழிக்க வேண்டாம். 'எதற்காக டெஸ்ட் செய்தேன்' என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே வையுங்க.